பெரிய ரவையோ சின்ன ரவையோ

லண்டனில் ஒரு துவக்குக் கடையில், துப்பாக்கி விற்கிற கடையில், வேலை செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனீங்கள், கடைசியில துவக்குக் கடையிலயோ?" என்று கேட்பார்கள். கலியாண வீட்டில் கேட்பார்கள், செத்த வீட்டில் கேட்பார்கள், கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போதும் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் அதைத் தான்தான் முதன்முதலாகக் கண்டுபிடித்த நினைப்பு. நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்து வைப்பேன். பெற்றோல் செட்டில் நிற்கிற தமிழனை யாரும் இப்படி வழிமறித்து விசாரிப்பதில்லை.

கடை நகரத்தின் நடுவில் இருக்கிறது. பழைய கடை. வாசலில் மணி அடித்தால்தான் கதவு திறப்பார்கள். உள்ளே துவக்குகள் ஒரு பக்கம், வேட்டைக்குப் போகிறவர்களின் சப்பாத்தும் தொப்பியும் இன்னொரு பக்கம். பின்னால் ஒரு பூட்டிய அறை, அதற்கு முன்னால் ஒரு மேசை. அந்த மேசை என்னுடையது. ரவை வாங்குகிறவர்கள் லைசென்ஸோடு என்னிடம் வரவேண்டும். ஸ்கொட்லாந்தில் மான் சுடப் போகிறவர்கள் வருவார்கள். ஆபிரிக்காவில் காட்டெருமை சுடப் போகிறவர்களும் வருவார்கள். எந்த மிருகத்துக்கு எந்த ரவை என்று சொல்வது என் வேலை.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எல்லாவற்றையும் புல்லட் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. துவக்கில் போடுகிற முழுச் சாமானும் ரவை. அதன் பித்தளைக் கூடு கோது. முட்டைக்கும் கச்சான் கடலைக்கும் சொல்கிற அதே கோது. கோதுக்குள் இருப்பது மருந்து. நுனியில் இருந்து பறந்துபோய்ப் படுவது சன்னம். தமிழ்நாட்டுக்காரர் முழுவதையும் தோட்டா என்றோ குண்டு என்றோ சொல்லிவிடுகிறார்கள். எங்களுக்குக் குண்டு என்றால் அது வேறு. அது விழுந்தால் வீட்டோடு போய்விடும். இந்த வித்தியாசங்களை நாங்கள் ஒருவரும் புத்தகத்தில் படிக்கவில்லை. கோது பொறுக்கி விளையாடிய பிள்ளைகள் நாங்கள்.

சன்னம் பட்டும் உடனே சாகாமல் கிடந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். ரவை தெரிவு செய்வதில் எனக்கு இருக்கும் பிடிவாதம் அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். சுடுவதென்று ஒருவன் முடிவெடுத்துவிட்டால் அவனைத் தடுக்க என்னால் முடியாது. ஆனால் அந்த மிருகம் பற்றைப் புதருக்குள் போய்க் கிடந்து இழுபடக்கூடாது. அதற்கு என்னால் ஆனதைச் செய்கிறேன். மற்றபடி நான் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூடத் தொடமாட்டேன்.

ஒருநாள் ஒரு பெரிய மனிதர் வந்தார். உடம்பிலும் பெரியவர்தான். முதல் தடவையாக ஆபிரிக்காவுக்குக் காட்டெருமை வேட்டைக்குப் போகிறாராம். துவக்கும் புதிது வாங்கவேண்டும், ரவையும் வாங்கவேண்டும். "உங்களிடம் இருப்பதில் எது ஆகப் பெரியதோ அதைத் தாருங்கள்" என்றார். ரவையின் பெயர் பெரும்பாலும் ஓர் எண்தான். சன்னத்தின் குறுக்களவு, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு என்று அந்த எண் சொல்லும். இந்த நாட்டு மானுக்கு முந்நூற்றெட்டு போதும். காட்டெருமைக்கு முந்நூற்று எழுபத்தைந்துக்குக் கீழே போனால் ஆபிரிக்காவில் பல நாடுகளில் சட்டமே விடாது. அதற்கு மேலே நானூற்றுப் பதினாறு, நானூற்று ஐம்பத்தெட்டு என்று ஏறிக்கொண்டு போகும். அவருடைய கண் ஆகக் கடைசியில் போய் நின்றது.

நான் மெதுவாகச் சொன்னேன். பெரிய ரவை முன்னால் போகிற வேகத்துக்குப் பின்னாலும் இடிக்கும். தோளில் ஒருமுறை நன்றாக வாங்கியவர் அடுத்த முறை விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் சன்னம் எருமையின் வயிற்றில் படும். பிறகு காயப்பட்ட எருமை உங்களைத் தேடி வரும். நெஞ்சில், சரியான இடத்தில் பட்டால் நடுத்தர ரவையே அதை விழுத்திவிடும். அளவைவிடச் சன்னத்தின் செய்நேர்த்தி முக்கியம். தோலையும் எலும்பையும் தாண்டி உள்ளே போகவேண்டும், போகும் வழியில் உடைந்துபோகக்கூடாது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு முந்நூற்று எழுபத்தைந்தை வாங்கிப் போனார். எருமை என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் திரும்பி வந்து சொல்வதில்லை.

இது கடை ரவையின் கதை. எங்கள் வீட்டில் இன்னொரு ரவையும் இருந்தது. என் மனைவி லட்டுப் பிடிக்கிற ரவை.

மகள் சின்னவளாக இருந்தபோது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ரீச்சர் அவளிடம், "அப்பா எங்க வேலை செய்யிறார்?" என்று கேட்டிருக்கிறார். "ரவைக் கடையில" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அடுத்த கிழமை ரீச்சர் என் மனைவியை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, "ஆண்டு விழாவுக்குக் கேசரி கிண்டவேணும். உங்கட அவர் ரவையை மொத்த விலைக்கு எடுத்துத் தருவாரோ?" என்று கேட்டார். மனைவி வீட்டுக்கு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதை எனக்குச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை தண்ணீர் குடித்தாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் ரவை என்று யாரும் வெறுமனே சொல்வதில்லை. அம்மான்ர ரவை, அப்பான்ர ரவை என்றுதான் சொல்வோம். நான் வேலை முடித்து வரும் நேரம் பார்த்து மனைவி போன் எடுப்பாள். "இஞ்சாருங்கோ, வரேக்க ரவை வாங்கிக்கொண்டு வாங்கோ. உங்கட ரவை இல்லை, என்ர ரவை." ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். எனக்குச் சில நாள் சலிப்பாகக்கூட இருக்கும்.

அவள் போய் இது இரண்டாவது வருடம். ரெய்னர்ஸ் லேன் வீட்டில் இப்போது நான் மட்டும். மேல்மாடியில் ஓர் அறைக்கும் கீழே இருக்கும் அறைக்கும் மட்டும் ஹீற்றிங் போடுகிறேன். மற்ற அறைகளுக்குப் போவதென்றால் ஜக்கெற் போட்டுக்கொண்டு போகவேண்டும். அரைச் சுண்டு அரிசி போட்டாலும் அடுத்த நாளைக்கு மிஞ்சுகிறது. ரயிலால் இறங்கியதும் தமிழ்க் கடைக்குள் ஒன்றும் வாங்க இல்லாவிட்டாலும் ஒரு சுற்றுச் சுற்றுவேன். யாராவது தெரிந்தவர் நின்று கதைப்பார். பெரும்பாலும் துவக்கைப் பற்றித்தான். அதுவும் இல்லாவிட்டால் ஒரு கட்டு முருங்கைக்காயை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டு வருவேன். சொல்லுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு எப்படிச் சொல்வது? தனிமை ஒரு பெரிய வேலை. முழு நாளையும் எடுத்துக்கொள்ளும்.

மகள் ஒரு வெள்ளைக்காரப் பெடியனைக் கட்டிக்கொண்டு வடக்கே இருக்கிறாள். ரயிலில் அரை நாள் ஓடவேண்டும். நல்ல பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தவறாமல் போன் எடுப்பாள். "அப்பா, சாப்பிட்டீங்களோ? மருந்து போட்டீங்களோ? ஹீற்றிங் போட்டிருக்கிறீங்களோ?" அவளுடைய கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். ஓம். நானும் ஓம், ஓம், ஓம் என்பேன். அதன் பிறகு இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் இருக்காது. கொஞ்ச நேரம் காலநிலையைப் பற்றிக் கதைப்போம். "ஓகே அப்பா, டேக் கேர்" என்பாள். போனை வைத்த பிறகு வீடு முன்பைவிட அமைதியாக இருக்கும்.

அவளில் ஒரு குறையும் இல்லை. என்னை ஒழுங்காகக் கவனிக்கிறாள். ஆனால் கவனிக்கப்படுவது வேறு, தேவைப்படுவது வேறு. அப்பாவுக்கு ஏதோ ஒன்று தெரியும், அதை அவரிடம் கேட்டால்தான் விளங்கும் என்று அவள் ஒரு நாளாவது நினைக்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இதை வாய் திறந்து மகளிடம் கேட்க முடியுமா? கேட்டால் உடனே டொக்டருக்கு அப்பொயின்ற்மென்ற் எடுப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலநிலை எல்லாம் கதைத்து முடிந்த பிறகு, அவள் போகிறபோக்கில் ஒன்று சொன்னாள்.

"அப்பா, இவர் ஆபிரிக்காவுக்கு ஹன்ரிங் போறார். அவற்ர மாமா கூப்பிட்டவர். பஃபலோவாம். இவருக்கு அவ்வளவு விருப்பமில்லை, மாட்டன் எண்டு சொல்ல ஏலாமல் போறார்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "என்ன துவக்காம்?"

"எனக்கென்ன தெரியும் அப்பா? உங்களிட்டக் கேக்கச் சொல்லுறன்."

மருமகன் கேட்கவில்லை. நான் அந்தக் கிழமை முழுவதும் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அடுத்த கிழமை, கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மகளிடம் இருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் ஆட்களின் இரைச்சல், ஏதோ மெஷின் கீச்சிடும் சத்தம். ஸ்ரேஷனில் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

"அப்பா, குயிக் கொஸ்ரியன். பெரிய ரவையோ சின்ன ரவையோ நல்லது? எனக்கு வித்தியாசம் தெரியேல்லை. ஃப்ரீயா இருக்கேக்க சொல்லுங்கோ, அவசரமில்லை."

சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு மறுபடியும் கேட்டேன். இதற்கு ஓம் என்று பதில் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு முதலில் பட்டது. யாருடைய ரவை என்று அவள் சொல்லவில்லை. அது எனக்குக் குறையாகப் படவும் இல்லை. மனைவி இல்லாத வீட்டில் ரவை என்றால் இனி ஒரு ரவைதான் என்று என் மனம் எப்போதோ முடிவு கட்டியிருக்கவேண்டும்.

"நல்ல கேள்வி பிள்ளை" என்று பதில் அனுப்பினேன். "ஆனா இது சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லுற விஷயமில்லை. நான் வடிவா யோசிச்சு ஞாயிற்றுக்கிழமை சொல்லுறன்."

கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் வந்தது. "இவ்வளவு யோசிக்க இருக்கோ அப்பா? ஓகே."

யோசிக்க இருந்தது. மருமகனை மனக்கண்ணில் கொண்டுவந்து நிறுத்தினேன். கலியாணத்தன்று மாலையின் பாரத்துக்கே கழுத்தைச் சரித்துக்கொண்டு நின்ற பெடியன். அந்தத் தோளில் நானூற்று ஐம்பத்தெட்டை வைத்தால் எருமைக்கு முதல் இவன் விழுந்துவிடுவான். முந்நூற்றெட்டு அவனுக்குச் சுகமாக இருக்கும், எருமைக்கும் சுகமாகவே இருக்கும். நானூற்றுப் பதினாறு? நல்ல ரவைதான், ஆனால் பழகாத கைக்கு இல்லை. ரயிலில் போகும்போதும் வரும்போதும் இதே யோசனை. வெம்ப்ளி தாண்டியதும் தெரியவில்லை. ஒருநாள் வீட்டைத் தாண்டி அடுத்த ஸ்ரேஷனில் இறங்கித் திரும்பி வந்தேன். சாப்பாட்டு மேசையில் கடைக் கற்றலொக்குகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, முதல் சன்னம் நுனி மென்மையானதாக இருக்கவேண்டும், பட்டதும் விரியவேண்டும், அடுத்தது விரியாமல் ஆழமாகப் போகிறதாக இருக்கவேண்டும் என்று எனக்குள்ளேயே வாதாடினேன். அந்தக் கேள்வி கையில் இருந்தவரைக்கும் வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதுபோல இருந்தது. உண்மையைச் சொன்னால், பதில் எனக்கு முதல் நாளே தெரியும். கேள்வியை அவ்வளவு கெதியாகத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டில் மதுரைப் பக்கத்துப் பெடியன் ஒருவன் இருக்கிறான், கம்பியூட்டர் வேலை. குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது என்னைப் பார்த்து, "என்ன அங்கிள், ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க போல?" என்றான்.

"மகள் ஒரு யோசனை கேட்டிருக்கிறா" என்றேன். பெருமையை மறைக்க நான் முயலவில்லை.

"என்ன யோசனை?"

"எருமைக்கு எந்த ரவை நல்லது எண்டு."

அவன் தொட்டியின் மூடியைப் பிடித்தபடி நின்றான். "எருமைக்கு ரவையா? எங்க ஊர்ல புண்ணாக்குதான் அங்கிள் வைப்போம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "துவக்கு ரவையடா தம்பி."

"ஓ, தோட்டாவா!" என்று அவனும் சிரித்தான். பாவம், ஒன்றும் விளங்காத பெடியன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். மனைவி இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்கலாம். கதவு நிலையைப் பிடித்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவள் சாப்பிட்டீங்களோ என்று தொடங்கும் முன்பே நான் தொடங்கிவிட்டேன்.

"பிள்ளை, நீ கேட்டதுக்கு மறுமொழி சொல்லுறன். பெரிசும் வேண்டாம், சின்னனும் வேண்டாம். நடுவில ஒண்டு இருக்கு."

"நடுவிலயோ? அப்பா, நான் கேட்டது என்னெண்டால்..."

"பொறு, பொறு. நான் சொல்லி முடிக்கிறன். பெரிசெண்டால் எருமை விழும் எண்டு எல்லாரும் நினைக்கிறது. அது பிழை."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். "இருக்கிறியோ?"

"ஓம் அப்பா" என்றாள். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "சொல்லுங்கோ."

நான் சொன்னேன். தோளைப் பற்றிச் சொன்னேன், எருமையின் நெஞ்சு எங்கே இருக்கிறது என்று சொன்னேன், மருமகனின் கழுத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவள் குறுக்கே கேள்விகூடக் கேட்டாள். "ஏன் அப்பா, வேகமாப் போறது எல்லே நல்லது?" வேகமாகப் போகிற மெல்லிய சன்னம் எலும்பில் பட்டு உடைந்துவிடும், பாரமானது மெதுவாகப் போனாலும் உள்ளே போகும் என்று விளங்கப்படுத்தினேன். "இதெல்லாம் நீங்கள் எப்பிடிப் பழகினீங்கள்?" என்றாள்.

அதை அவள் என்றைக்கும் கேட்டதில்லை. வந்த புதிதில் கடையின் நிலக்கீழ் அறையில் பெட்டி அடுக்குகிற வேலை எனக்கு. இங்கிலிஷ் சரியாக வாசிக்கத் தெரியாது. ஆனால் ரவைப் பெட்டியில் எல்லாம் எண்கள். எண்களை வைத்து அடுக்கினேன். அடுக்க அடுக்க எது பெரிது, எது சின்னது, எதற்குப் பக்கத்தில் எது என்று கைக்கு விளங்கிவிட்டது. முதல் குளிர்காலத்தில் கதைக்க ஆள் இல்லாமல் அந்த எண்களைத் தமிழில் சத்தமாகச் சொல்லிச் சொல்லி அடுக்குவேன், ஏனென்றால் நாள் முழுக்கத் தமிழில் சொல்ல எனக்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. இதையும் அவளுக்குச் சொன்னேன்.

"அப்ப முடிவு என்ன அப்பா?"

"முந்நூற்று எழுபத்தைஞ்சு. அவரிட்ட மறக்காமல் சொல்லு."

"ஓம் அப்பா" என்றாள். அன்றைக்கு ஓம் சொன்னது அவள். போனை வைத்தபோது என் காது சூடாகியிருந்தது. மருந்து போட்டீங்களோ என்று கேட்க அவள் மறந்துவிட்டாள் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் எல்லா அறைக்கும் ஹீற்றிங் போட்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் பழையபடி சாப்பிட்டீங்களோ, மருந்து போட்டீங்களோ. "அவரிட்டச் சொன்னியோ?" என்று நான் கேட்டால், "சொன்னனான் அப்பா, அவர் ஹாப்பி" என்பாள். நான் இன்னும் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். சன்னத்தின் நுனியைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு கேள்விக்கு ஒரு பதில், அத்தோடு சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மனைவியின் திவசம் வந்தது. மகளுக்கு லீவு கிடைக்கவில்லை, மருமகன் ஆபிரிக்காவில். "பார்சல் ஒண்டு அனுப்பியிருக்கிறன் அப்பா. அம்மாவுக்குப் படையுங்கோ" என்று சொல்லியிருந்தாள். காலையில் கோயிலுக்குப் போய் ஐயரிடம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, தமிழ்க் கடையில் வாழையிலை வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரிந்தபடி சோறும் பருப்பும் இரண்டு கறியும் வைத்தேன். படத்துக்கு முன்னால் இலையைப் போட்டுப் படைத்துவிட்டு, பார்சலைப் பிரித்தேன். உள்ளே ஒரு தகர ரின். அதற்குள் ரவை லட்டு.

அவள் தன் கையால் பிடித்த லட்டு. ஒன்று பெரிது, ஒன்று சின்னது, இரண்டு உருண்டை வழியிலேயே உதிர்ந்துபோய்க் கிடந்தன. கஜுப் பருப்பும் உலர்ந்த திராட்சையும் தாராளமாகப் போட்டிருந்தாள். இலையின் ஓரத்தில் இரண்டு வைத்தேன். கும்பிட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்து ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

பல்லுக்குள் நறநறவென்றது. மணல் கடித்ததுபோல. பெரிய ரவை, என்று வாய்விட்டுச் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. பெரிய ரவையோ சின்ன ரவையோ நல்லது? ஸ்ரேஷன் இல்லை அது, கடை. பைக்கற்றுகளுக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறாள். ஒரு பைக்கற்றில் கோர்ஸ் என்று போட்டிருக்கும், மற்றதில் ஃபைன் என்று போட்டிருக்கும், பிள்ளைக்கு அம்மா எதை வாங்கினாள் என்று தெரியவில்லை. அதற்கு நான் ஒரு கிழமை யோசித்து, எருமையின் நெஞ்சு எங்கே என்று விளக்கியிருக்கிறேன்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அவளில் கோபம். ஏன் என்னைத் தடுக்கவில்லை? கிழவன் புலம்புகிறான், புலம்பட்டும் என்று விட்டுவிட்டாளோ? போனில் அவள் கேட்ட கேள்விகள் எல்லாம் பிள்ளையைத் தூங்கவைக்கக் கதை சொல்வதுபோல எனக்காகக் கேட்டவைதானோ? அந்தப் பின்னேரம் என் வாழ்க்கையில் நல்ல பின்னேரங்களில் ஒன்று என்று வைத்திருந்தேன். அதுவும் பொய்யாகப் போய்விட்டது என்று நினைத்தபோது அழுகை வந்தது. மனைவியின் படத்தைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். எந்தப் படத்திலும் அவள் அப்படித்தான்.

பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. ஒருமுறை கோர்ஸ் என்று போட்ட பைக்கற்றை நான்தான் தெரியாமல் வாங்கிக்கொண்டு போனேன். மனைவி என்னைச் சப்பாத்துக் கழற்றவே விடாமல் திருப்பி அனுப்பினாள். "இது மணல். என்ர ரவை எப்பவும் சின்ன ரவை, எத்தினை தரம் சொல்லுறது?" அவள் போன் எடுத்துச் சொல்ல, அத்தனை வருடமும் ரவை வாங்கிக்கொண்டு போனவன் நான். மகள் கேட்கவேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறாள். அந்தப் பதிலும் எனக்குத் தெரிந்திருந்தது. உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

போனை எடுத்தேன். குரலைச் சரிப்படுத்திக்கொண்டு பேசினேன்.

"பிள்ளை, லட்டு வந்தது. அம்மாவுக்குப் படைச்சிட்டன். சின்ன ரவை, பிள்ளை. அம்மான்ர ரவை எப்பவும் சின்ன ரவை."

அனுப்பிவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வேலையில் இருப்பாள், பின்னேரம்தான் கேட்பாள் என்று நினைத்தேன். சோறு ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"ஸொறி அப்பா. சொல்லத்தான் வெளிக்கிட்டனான். நீங்கள் அவ்வளவு கதைச்சு நான் கேட்டதே இல்லை. நிப்பாட்ட மனம் வரேல்லை. இவருக்கு அங்கயே துவக்கு, ரவை எல்லாம் குடுக்கிறதாம், ஆனா நான் சொன்னனான்." பிறகு, சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்புவிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அம்மான்ர ரவை சின்ன ரவை. அப்பான்ர ரவை த்ரீ செவென்ரி ஃபைவ். சரியோ அப்பா?"

அதற்கும் ஒரே பதில்தான். இத்தனை வருடமாக நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிற அதே ஓம். அதைச் சொல்ல எனக்கு அன்றைக்கு வெகு நேரம் எடுத்தது.